குவாஷ் மனு: எப்போது கைகொடுக்கும், எப்போது கொடுக்காது?

"பொய்க் கேஸ்தானே, ஹைகோர்ட்டில் குவாஷ் போட்டால் முடிந்துவிடும்" என்று நம்பி கடன் வாங்கிச் செலவழிப்பவர்கள் நிறையப் பேர். வழக்கையே ரத்து செய்யக் கேட்கும் இந்த மனுவைப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நிலுவையில் உள்ள குற்ற வழக்கை ரத்து செய்யும் உள்ளார்ந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. மாஜிஸ்திரேட்டுக்கோ செஷன்ஸ் கோர்ட்டுக்கோ அது கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 482. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 528. எஃப்.ஐ.ஆர் கட்டத்திலும் கேட்கலாம், குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகும் கேட்கலாம்.

யார் சொல்வது உண்மை என்று நீதிபதி இங்கே விசாரிப்பதில்லை. புகாரில் உள்ளதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் அது குற்றமாகிறதா என்றுதான் பார்ப்பார். பஜன் லால் வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்களில் முக்கியமானது இது. வாங்கிய கடனைத் திருப்பித் தரவில்லை என்று மட்டும் புகார் இருந்தால் அது மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகப் புகாரில் தெரிய வேண்டும். அது இல்லையென்றால் மனுவுக்கு வலு உண்டு. "அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை" என்பது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டிய இடம் விசாரணை நீதிமன்றம்.

சமரசம் ஆகிவிட்டதா? குடும்பத் தகராறு, பணக் கொடுக்கல் வாங்கல் போன்றவற்றில் புகார்தாரர் மனமுவந்து சம்மதித்தால் ரத்து செய்யலாம் என்று கியான் சிங் வழக்கில் 2012-ல் தீர்ப்பானது. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்றவற்றில் இரு தரப்பும் கைகுலுக்கிக் கொண்டதற்காக வழக்கை முடிக்க மாட்டார்கள். அது சரிதான்; அவை ஊருக்கே எதிரான குற்றங்கள்.

மனு கோப்பில் ஏறி நம்பர் ஆனதாலேயே கீழ்க்கோர்ட்டு விசாரணை நின்றுவிடாது. தடை உத்தரவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் எளிதில் கிடைக்காது. மனு போட்டதை நம்பி வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் பிடிவாரண்டு வரும்.

மனு தள்ளுபடியானால் நீங்கள் குற்றவாளி என்று பொருளில்லை. வழக்கிலிருந்து விடுவிக்கும்படி கீழ்க்கோர்ட்டிலேயே கேட்கலாம். ஆனால் மாஜிஸ்திரேட் விசாரிக்கும் வாரண்ட் வழக்குகளில் (இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய குற்றங்கள்), போலீஸ் தரப்பு ஆவண நகல்கள் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அந்த மனுவைப் போட வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் பிரிவு 262. குவாஷ் மனு எப்போது பட்டியலுக்கு வரும் என்று காத்திருக்கும்போதே அந்த நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். நகல் கைக்கு வந்த தேதியைக் குறித்துவைத்து, அன்றே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.