ஹவிக்கில் 50 தூண்கள் ஒரு முகமாவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாக உள்நாட்டுக்குச் செல்லும் பழைய ஆர்103 சாலையில், ஹவிக் என்ற ஊருக்கு அருகே, 1962 ஆகஸ்ட் 5 அன்று, கார் ஓட்டுநர் வேடத்தில் நடமாடிக்கொண்டிருந்த நெல்சன் மண்டேலாவைக் காவல்துறை வழிமறித்துக் கைது செய்தது. அந்தக் கைதின் 50ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, தென்னாப்பிரிக்கச் சிற்பி மார்கோ சியான்ஃபனெல்லி உருவாக்கிய 50 உருக்குத் தூண்கள் 2012-இல் அங்கே நிறுவப்பட்டன. அவற்றுள் உயரமானவை ஏறத்தாழ 9.5 மீட்டர். அருகில் நின்று பார்ப்பவருக்கு அவை ஓரங்கள் கோணல்மாணலாக வெட்டப்பட்ட கரிய கம்பங்கள்தாம். 35 மீட்டர் தள்ளி, சிற்பத்தை நோக்கி வரும் நடைபாதையின் நேர்கோட்டில் நிற்பவருக்கோ மண்டேலாவின் பக்கவாட்டு முகம் தெரிகிறது. இரண்டு எட்டு விலகினால் மூக்கும் நெற்றியும் தனித்தனியே கழன்றுவிடுகின்றன.

இதன் அடிப்படை எளிய வடிவியல். பார்ப்பவரின் கண்ணிலிருந்து முகத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டின்மேல் எந்தத் தொலைவில் வேண்டுமானாலும் அப்புள்ளியை வைக்கலாம். தொலைவு கூடும் அளவுக்கு உருவத்தையும் பெரிதாக்கினால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. முன்னுள்ள தூண் 35 மீட்டரிலும் பின்னுள்ளது 50 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். முன்தூணில் 7 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டைக்கு இணையாகத் தோன்ற, பின்தூணில் 10 சென்டிமீட்டர் பட்டை வேண்டும். தூண்களுக்கு நடுவிலுள்ள வெட்டவெளியும் இந்த ஓவியத்தில் பங்கு பெறுகிறது: உருக்கு நிழலாகவும் வானம் ஒளியாகவும் நின்று முகத்தை வரைகின்றன.

முகம் கலைவதற்குக் காரணம் இடமாறு தோற்றம். ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடினால், பின்னணியின் மேல் விரல் தாவுவதுபோல் தோன்றும் அல்லவா, அதுதான். மேற்சொன்ன கணக்கிலேயே, நீங்கள் பக்கவாட்டில் ஒரு மீட்டர் நகர்ந்தால் முன்தூண் 1.6 பாகையும் பின்தூண் 1.1 பாகையும் இடம் மாறியதாகத் தெரியும். வித்தியாசம் ஏறத்தாழ அரைப் பாகை, அதாவது முழுநிலவின் அகலம். தூணளவில் சொன்னால் முன்தூண் தன் இடத்தைவிட்டு 30 சென்டிமீட்டர் விலகியது போலாகும். உதட்டைக் குலைக்க அது தாராளம். நேராக ஒரு மீட்டர் முன்னேறினால் மட்டும் விகிதம் ஒரு விழுக்காடுகூட மாறுவதில்லை. பாதையோடு நடந்து வருபவருக்கு முகம் சற்று நேரம் நிலைத்திருப்பதும், புல்வெளிப் பக்கம் ஒதுங்குபவருக்குச் சட்டென்று உதிர்ந்துபோவதும் இதனால்தான்.

இந்தச் சிற்பத்தை இயங்கு சிற்பங்களின் வரிசையில் வைப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் தொங்கு சிற்பங்களில், பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் 1931-இல் 'மொபைல்' என்று பெயரிட்டாரே அவற்றில், பார்ப்பவர் நிற்கிறார், உலோகம் அசைகிறது. ஹவிக்கில் உலோகம் நிற்கிறது, பார்ப்பவர் அசைகிறார்.

கால்டரின் நுட்பம் நமக்குப் புதிதன்று. தைப்பூசத்தில் காவடி எடுப்பவர் இரு முனையிலும் பாற்செம்பைக் கட்டித் தண்டைத் தோளில் வைக்கும்போது செய்யும் அதே சரிக்கட்டல்தான். ஒரு பக்கம் 2 கிலோ எடை 30 சென்டிமீட்டரில் தொங்கினால், மறுபக்கம் 600 கிராமை ஒரு மீட்டரில் தொங்கவிட்டுச் சமன் செய்யலாம். கால்டர் ஒரு காவடியின் முனையில் இன்னொரு காவடி, அதன் முனையில் மற்றொன்று என்று கோத்துக்கொண்டு போனார். அடியிலுள்ள தண்டைச் சமன் செய்தபின், அதன் மொத்த எடையையும் மேல்தண்டின் ஒரே சுமையாகக் கொள்ளலாம் என்பதால், கீழிருந்து மேலாகக் கோப்பது எளிது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் 1977-இல் தொங்கவிடப்பட்ட அவருடைய மொபைல் 23 மீட்டர் அகலம் கொண்டது. உருக்கில் திட்டமிட்டபோது அறைக்காற்றில் அசையாத அளவு கனத்துவிடும் என்று தெரிந்ததால், கலைஞரும் பொறியாளருமான பால் மாத்தீஸ் தேன்கூடு போன்ற உள்ளமைப்புடைய அலுமினியத் தகடுகளால் எடையை ஏறத்தாழ 420 கிலோவுக்குக் குறைத்தார்.

ஹவிக்குக்குப் போகிறவர்கள் அந்த 35 மீட்டர் இடத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர் தூரம் இருப்பதால், ஒவ்வொரு கண்ணுக்கும் தூண்கள் 2 சென்டிமீட்டர் அளவுக்கு மாறுபட்டுத் தெரிகின்றன. மூளை அதைக் கொண்டு, எது முன்னே எது பின்னே என்று கண்டுபிடித்துவிடுகிறது. ஒற்றைக் கண்ணுக்கு அந்தத் துப்பு கிடைப்பதில்லை. ஒற்றை வில்லை உள்ள கைப்பேசிப் படத்திலும் அவ்வாறே, முகம் தட்டையாகவும் முழுமையாகவும் விழுகிறது.