கிருஷி உடான்: காய்கறி, பூ, மீன் பிளைட்ல அனுப்புறவங்களுக்கு இதுல என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

காய்கறியோ பூவோ மீனோ பிளைட்ல அனுப்பணும்னு யோசிக்கிறவங்க முதல்ல கேக்குறது, விவசாய சரக்க விமானத்துல அனுப்ப மத்திய அரசு கொண்டு வந்த கிருஷி உடான் திட்டத்துல எவ்ளோ மானியம் வரும்னு தான். நேரா சொல்லிடுறேன். விவசாயி கணக்குலயோ, எஃப்பிஓ (விவசாயிங்க சேர்ந்து நடத்துற உற்பத்தியாளர் அமைப்பு) கணக்குலயோ, ஏற்றுமதி பண்றவர் கணக்குலயோ இந்த திட்டத்துல ஒரு ரூபா வந்து விழாது. சலுகை போறது விமான கம்பெனிக்கு. இது தெரியாம மானியம் வரும்னு நம்பி ரேட் பேசி ஆர்டர் எடுத்துட்டா, கடைசில வாடகை கட்டும்போது லாபம் மொத்தமும் அதுலயே போயிடும், அதனால தான் இத விரிவா எழுதுறேன்.

2020 மத்திய பட்ஜெட்ல அறிவிச்சாங்க, அந்த வருஷமே ஆரம்பிச்சாங்க. அப்புறம் 2021 அக்டோபர் 27ல 2.0ன்னு மாத்தி கொண்டு வந்தாங்க. விமானத்துறை, விவசாயம், மீன்வளம், கால்நடை, உணவு பதப்படுத்துதல், வணிகம், பழங்குடியினர் நலம், வடகிழக்கு வளர்ச்சின்னு எட்டு துறை சேர்ந்து, ஏற்கனவே அவங்கவங்ககிட்ட இருக்குற திட்டங்கள வச்சு நடத்துறது இது. இதுக்குன்னு தனியா பட்ஜெட் பணம் கிடையாது. பதிவு பண்ணித் தரேன், மானியம் வாங்கித் தரேன்னு யாராவது பீஸ் கேட்டா கொடுக்காதீங்க.

சரி, சலுகை என்னன்னா, இந்திய விமான நிலைய ஆணையம் நடத்துற, இதுக்குன்னு தேர்ந்தெடுத்த ஏர்போர்ட்ல ஒரு சரக்கு விமானம் இறங்கினா லேண்டிங் சார்ஜ், பார்க்கிங் சார்ஜ், வழிகாட்டுற நேவிகேஷன் சார்ஜ் எல்லாம் முழுசா தள்ளுபடி. முன்னாடி, ஏத்துன சரக்கோட எடையில பாதிக்கு மேல விவசாயப் பொருளா இருந்தா தான் இந்த தள்ளுபடி, 2.0ல பாதிக்கு கம்மியா இருந்தாலும் உண்டுன்னு தளர்த்திட்டாங்க. விமான எரிபொருளுக்கு மாநிலங்கள் வாங்குற வரிய 1 சதவீதமா குறைக்கச் சொல்லியும் கேட்டுக்கிட்டாங்க, அது மாநிலத்தோட முடிவு. முதல்ல 53 ஏர்போர்ட், பின்னாடி 58 ஆச்சு, அதுல 25 வடகிழக்கு, மலை, பழங்குடி பகுதிகளுக்கு. நம்ம பக்கம் கோவையும் திருச்சியும் இருக்கு. 2.0ல முக்கியமா சொன்ன ரூட்டுகள்ல சென்னை, விசாகப்பட்டினம், கொல்கத்தால இருந்து கிழக்காசியாவுக்கு கடல் உணவு அனுப்புறதும் ஒண்ணு.

இங்க தான் கவனிக்கணும். இந்த தள்ளுபடி இந்திய சரக்கு விமானத்துக்கும், பயணிகள் விமானத்த சரக்குக்கு மட்டும்னு மாத்தி ஓட்டுறதுக்கும் தான். ஆனா திருச்சில இருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போற காய்கறி, பூ பெரும்பாலும் எதுல போகுது, ஆளுங்க போற பிளைட்டோட வயித்துல தான. அதுக்கு இந்த சலுகை பொருந்தாது. அதோட அந்த பிளைட்டுங்க சின்னது, 737 மாதிரி விமானத்துல கன்டெய்னர் ஏத்த முடியாது, பெட்டி பெட்டியா கையால தான் அடுக்குவாங்க, அப்போ கூலிங் கன்டெய்னர்ங்கிற பேச்சுக்கே இடமில்ல, பயணிகள் லக்கேஜ் கூடிப் போச்சுன்னா உங்க சரக்கு அடுத்த பிளைட்டுக்கு தள்ளிப் போகவும் வாய்ப்பு இருக்கு. திருச்சி, மதுரை மாதிரி ஊருக்கு உண்மையில வேணுங்கிறது ஒழுங்கா வந்து போற சரக்கு விமானமும் நல்ல குளிர் அறையும் தான், சரக்கு விமானமே வராத ஊர்ல லேண்டிங் சார்ஜ் தள்ளுபடி பண்ணி யாருக்கு என்ன பிரயோஜனம்னு தான் எனக்கு வருத்தமா இருக்கு.

அப்போ பிளைட் வாடகைக்கே நேரடி மானியம் இருந்ததே இல்லையான்னா, இருந்துச்சு. உணவு பதப்படுத்துதல் அமைச்சகத்தோட ஆபரேஷன் கிரீன்ஸ் திட்டத்துல 2020 நவம்பர்ல, வடகிழக்கு மாநிலங்களும் இமயமலை மாநிலங்களும் விமானத்துல அனுப்புற 41 வகை காய், பழத்துக்கு வாடகையில 50 சதவீதம் மானியம்னு அறிவிச்சாங்க, அனுப்புறவர் பாதி மட்டும் கட்டினா போதும், மீதிய விமான கம்பெனி அமைச்சகத்துகிட்ட வாங்கிக்கும். தமிழ்நாட்டுக்கு அது இல்ல. ஏற்றுமதிக்கு 2019ல வணிகத் துறை போக்குவரத்து உதவின்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அது எல்லா மாநிலத்துக்கும் இருந்துச்சு, 2022 மார்ச் 31 வரைக்கும் போன சரக்கோட முடிஞ்சிடுச்சு. உலக வர்த்தக அமைப்போட 2015 நைரோபி முடிவுப்படி இந்த மாதிரி போக்குவரத்து மானியத்த வளரும் நாடுகளும் 2023 கடைசியோட நிறுத்தணும்னு ஆயிடுச்சு, அதனால அது திரும்ப வரும்னு கணக்கு போட்டு தொழில் ஆரம்பிக்காதீங்க. ஏற்றுமதி சரக்கோட விமான வாடகைக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கும் 2022 செப்டம்பர் 30ஓட போயிடுச்சு.

மானியம் இல்லாட்டியும் செலவ குறைக்க நம்ம கையில இருக்குறது பேக்கிங். விமானத்துல எடைக்கு மட்டும் காசு இல்ல, பெட்டி அடைக்கிற இடத்துக்கும் காசு. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 6000ஆல வகுத்தா ஒரு எடை வரும், அதுவா நிஜ எடையா எது அதிகமோ அதுக்கு தான் வாடகை. 60க்கு 40க்கு 40 பெட்டின்னா 16 கிலோ. அதுல முருங்கைக்கீரையோ மல்லிகையோ வச்சு உள்ள 9 கிலோ தான் இருந்தாலும் 16 கிலோவுக்கு கட்டணும். மாங்காய், வெங்காயம் அனுப்புறவங்களுக்கு இந்த தொல்லை அவ்வளவா இல்ல, கீரையும் பூவும் அனுப்புறவங்க பெட்டி சைஸ மறுபடி மறுபடி அளந்து பாருங்க.

பேப்பர் விஷயம். வெளிநாடுன்னா ஐஇசி நம்பர் (ஏற்றுமதி இறக்குமதி பண்றவங்களுக்கான அடையாள எண்) கட்டாயம், ஆன்லைன்ல 500 ரூபாய்ல முடிஞ்சிடும். காய், பழம், பூவுக்கு அபெடா (விவசாயப் பொருள் ஏற்றுமதி ஆணையம்) பதிவு, மீன் இறாலுக்கு எம்பெடா (கடல் பொருள் ஏற்றுமதி ஆணையம்) பதிவு. செடி சம்பந்தப்பட்ட எதுவா இருந்தாலும் போய் சேர்ற நாடு கேட்டா பயிர் நலச் சான்று, பைட்டோன்னு சொல்லுவாங்க, சரக்கு கிளம்புறதுக்கு முன்னாடியே அதிகாரி பாத்து கொடுக்கணும். இத லேசா எடுத்துக்காதீங்க. 2014 மே மாசத்துல இருந்து ஐரோப்பிய ஒன்றியம் நம்ம மாம்பழத்தையும் பாகற்காய், கத்தரிக்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு இலையையும் தடை பண்ணாங்க, காரணம் சரக்குல பழ ஈ மாதிரி பூச்சி இருந்தது. மாம்பழ தடை 2015 ஆரம்பத்துல தான் எடுத்தாங்க. சில பெட்டில இருந்த பூச்சிக்கு மொத்த நாடும் ஒரு சீசன இழந்துச்சு.

உறைய வச்ச சரக்கு, அதாவது மைனஸ் 18ல இருக்க வேண்டிய மீனோ இறைச்சியோ அனுப்புறவங்க ட்ரை ஐஸ் வைப்பாங்க. அது விமான விதிப்படி அபாயகரமான பொருள், ஒன்பதாம் வகுப்பு, யுஎன் 1845. பெட்டி வெளியில அந்த நம்பரும், ஒன்பதாம் வகுப்பு லேபிளும், உள்ள எத்தன கிலோ ட்ரை ஐஸ்ங்கிறதும் எழுதணும், விமான சரக்கு ரசீதான ஏர்வே பில்லுலயும் வரணும். முக்கியமா பெட்டிய காத்து போகாம இறுக்கி ஒட்டக்கூடாது, ஏன்னா ட்ரை ஐஸ் வாயுவா மாறும், வெளிய போக வழி இல்லன்னா பெட்டி வெடிச்சிடும். ஒரு விமானத்துல மொத்தமா இவ்ளோ தான் ட்ரை ஐஸ்னு அளவு இருக்கு, உயிருள்ள மிருகம் ஏத்தியிருந்தா இன்னும் கறாரா பாப்பாங்க, அதனால புக்கிங் போடும்போதே சொல்லிடுங்க, கவுண்டர்ல போய் சொன்னா சரக்கு அங்கயே நின்னுடும். ஐஸ் கட்டி போட்டு தண்ணி ஒழுகுற பெட்டிய வாங்க மாட்டாங்க, ஜெல் பேக் தான் சரி.

உண்மையில விண்ணப்பிச்சு வாங்கக்கூடியது தரையில இருக்குற வசதிக்கு தான். வேளாண் உள்கட்டமைப்பு நிதியில பேக் ஹவுஸ் (தரம் பிரிச்சு பேக் பண்ற கூடம்), குளிர் அறை, குளிர் வண்டி இதுக்கெல்லாம் பேங்க் கடன் வாங்கினா 2 கோடி ரூபாய் வரைக்கும் 3 சதவீத வட்டி குறைப்பு, 7 வருஷம் வரைக்கும். விவசாயி, எஃப்பிஓ, கூட்டுறவு சங்கம், சுயஉதவிக்குழு எல்லாரும் போடலாம், அதோட வெப்சைட்லயே நேரடியா விண்ணப்பிக்கலாம். தோட்டத்துல பறிச்ச சூடு போகாம பெட்டில அடைச்சு, வேன்லயும் ஏர்போர்ட் வாசல்லயும் மணிக்கணக்கா கிடக்குறதுல தான் சரக்கு பாதி கெட்டுப் போகுது, அதனால நாலு ஊர் விவசாயிங்க சேர்ந்து ஒரு குளிர் அறை போடுறதா இருந்தா முதல்ல இதுக்கு அலைங்க. கார்கோ ஏஜென்ட்கிட்ட ரேட் கேக்கும்போது, பயணிகள் விமானமா சரக்கு விமானமா, சரக்கு விமானம்னா கிருஷி உடான் தள்ளுபடிய ரேட்ல குறைச்சிருக்காங்களான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.