வெண்ணீர் அன்று, நுரைப்புனல்

"வழிகாட்டப்பட்ட வெள்ளைநீர்ப் படகுச் சவாரி, குடும்பங்களுக்கும் குழுக்களுக்கும்." பயண விளம்பரங்களில் இந்தத் தொடரை எத்தனை முறை படித்துவிட்டேன்! பாறைகளுக்கிடையே பொங்கி ஓடும் ஆற்றில் மிதவையில் செல்லும் விளையாட்டான 'ஒயிட்வாட்டர் ராஃப்டிங்' என்பதன் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு இது. இதில் உள்ள சொற்கள் எல்லாம் தமிழில் வழங்குபவைதான், தொடர் மட்டும் தமிழாக இல்லை.

ராஃப்ட் என்ற ஆங்கிலச் சொல் பழைய நார்ஸ் மொழியின் 'ராப்ட்ர்' என்பதிலிருந்து வந்தது. மரத்துண்டு, உத்தரம் என்பது அதன் பொருள். மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவைக்கு அது பெயராயிற்று. இன்று அந்த மிதவை காற்றடைத்த ரப்பர் கலமாகிவிட்டது, பெயர் மாறவில்லை.

வெள்ளைநீர் என்பதுதான் என்னை உறுத்துகிறது. பாறையில் மோதும் ஆற்றில் காற்று கலந்து குமிழ்கள் பொங்குவதால் நீர் வெளுத்துத் தெரிகிறது. ஆங்கிலேயர் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். தமிழர் பார்த்தது நுரையை. பெருகிவரும் ஆற்றை 'நுங்கும் நுரையுமாக ஓடுகிறது' என்றுதானே சொல்கிறோம்? சிலர் வெள்ளைநீரைச் செம்மைப்படுத்துவதாக எண்ணி 'வெண்ணீர்' என்று எழுதுகிறார்கள். புணர்ச்சி விதிப்படி பிழையில்லை. ஆனால் உரக்கப் படித்தால் காதில் விழுவது வெந்நீர். கண்ணால் படித்தாலும் தெண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. அதுவோ தெளிந்த நீர். கொந்தளிக்கும் ஆற்றுக்கு இது எப்படிப் பொருந்தும்? நுரைப்புனல் என்றால் விளக்கமே தேவையில்லை.

அடுத்தது 'படகுச் சவாரி'. ஏரியில் ஒருவர் துடுப்புப் போட, மற்றவர்கள் கரையை வேடிக்கை பார்ப்பது சவாரி. இங்கே தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிந்து, பின்னால் அமர்ந்திருக்கும் வழிகாட்டியின் குரலுக்கு ஏற்ப எல்லோரும் துடுப்பு வலிக்க வேண்டும். குழந்தைகளை அழைத்துவரும் பெற்றோருக்கு இந்த வேறுபாடு தெரிய வேண்டாமா? பரிசல் என்பதும் சரியில்லை. அது மூங்கில் பின்னிய வட்டக் கலம். தெப்பம் நல்ல சொல்தான், ஆனால் கோயில் குளத்தின் அமைதியைக் கூடவே கொண்டுவந்துவிடுகிறது.

மிச்சமிருப்பது புணை. புணர்தல், பிணைத்தல் ஆகியவற்றின் சுற்றத்துச் சொல் அது. 'யாதும் ஊரே' என்று தொடங்கும் புறநானூற்று 192ஆம் பாடலில், 'கல்பொருது இரங்கும் மல்லல் பேர்யாற்று நீர்வழிப் படூஉம் புணை' வருகிறது. கல்லில் மோதி முழங்கும் பேராறு, அதில் நீரின் போக்கில் செல்லும் மிதவை. இத்தனை துல்லியமாகக் காட்சி கையில் இருக்கும்போது நிறத்தை ஏன் கடன் வாங்க வேண்டும்? ரப்பர் கலத்தைப் புணை என்பதா என்று கேட்பவர்களுக்கு, ராஃப்ட்டும் ஒரு காலத்தில் மரக்கட்டைதான் என்பதே என் பதில். ஆகவே: நுரைப்புனல் புணைப்பயணம். 'வழிகாட்டப்பட்ட' என்ற ஒட்டு வேண்டாம், 'வழிகாட்டியுடன்' போதும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், ஆற்றை நினைத்துப் பார்ப்பதில்லை. உலக அளவில் ஆற்றோட்டத்தின் கடுமையை 1 முதல் 6 வரை பிரிக்கிறார்கள். புதியவர்களையும் குடும்பங்களையும் பெரும்பாலும் 3க்கு மேல் அழைத்துச் செல்வதில்லை. ஆங்கிலத்தில் 'கிளாஸ் 3' எனப்படும் இதை 'மூன்றாம் வகுப்பு ஆறு' என்று எழுதினால் படிப்பவருக்குப் பள்ளிக்கூடமோ மட்டமான இருக்கையோதான் தோன்றும். 'மூன்றாம் கடுமைநிலை' என்று எழுதலாமே.

இதைவிடக் கேடானது, எடி (eddy) என்ற ஆங்கிலச் சொல்லைச் 'சுழல்' என்று பெயர்ப்பது. தமிழில் சுழல் ஆளை இழுக்கும் இடம். ஆனால் புணையோட்டிகள் சொல்லும் எடி, பாறைக்குப் பின்னால் நீர் மேல்நோக்கித் திரும்பும் ஒதுக்கம். பெரும்பாலும் புணையை நிறுத்தி இளைப்பாறுவது அங்கேதான். 'சுழலுக்குள் செல்லுங்கள்' என்று குறிப்பேட்டில் படிக்கும் தாய் அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டுவாளா? அதை எதிரோட்டம் என்று எழுதுங்கள்.