ஸ்கூபா டேங்கை வருடா வருடம் திறந்து பார்க்கத்தான் வேண்டுமா?

"அண்ணா, வெளியில ஒரு கீறல்கூட இல்ல. உள்ள எட்டிப் பார்க்க ஒரு சார்ஜா?"

ராணிப்பேட்டையில் சிலிண்டர் பரிசோதனை வேலை பார்க்கும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. என்னிடம் வருபவை பெரும்பாலும் தோல் தொழிற்சாலைகளின் மூச்சுக் கருவி சிலிண்டர்களும் தீயணைப்பான்களும்தான். கடலே இல்லாத வேலூர்ப் பக்கத்தில் ஸ்கூபா டேங்குக்கு, அதாவது தண்ணீருக்கடியில் மூச்சுவிட முதுகில் மாட்டும் காற்று சிலிண்டருக்கு, என்ன வேலை என்று கேட்கலாம். கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்க இறங்குபவர்களில் சிலர் வைத்திருக்கிறார்கள். லீவு கிடைத்தால் புதுச்சேரிக்கு ஓடும் பையன்கள் சிலர் சொந்தமாகவே வாங்கிவிட்டார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஹைட்ரோ டெஸ்ட் என்பது வேறு: டேங்கில் தண்ணீர் நிரப்பி, அது வேலை செய்யும் அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி, உலோகம் விரிந்து பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பது. அமெரிக்காவில் 5 ஆண்டுக்கு ஒருமுறை இது சட்டம். நம் நாட்டில் பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) அங்கீகரித்த நிலையத்தில்தான் செய்ய முடியும். ஆனால் வால்வைக் கழற்றி உள்ளே பார்க்கும் வருடாந்திரப் பரிசோதனை அமெரிக்காவில் டைவிங் தொழில்காரர்கள் வகுத்துக்கொண்ட வழக்கம். பிரிட்டனில் அதையே இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை செய்கிறார்கள். ஆக, 'ஒரு வருடம்' என்பது வேதவாக்கு இல்லை. இருந்தாலும் செய்வது நல்லது என்றே சொல்வேன். ஆனால் அதற்கான காரணம், பலரும் நினைக்கும் காரணம் அல்ல.

டேங்க் வெடித்துவிடும் என்ற பயத்தில்தான் பலர் கொண்டுவருகிறார்கள். பரவலாகப் புழங்கும் அலுமினிய டேங்கின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 207 பார் அழுத்தத்தில் அதற்குள் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று அடைபடுகிறது. வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் கதி அதோகதிதான். ஆனால் அது பெரும்பாலும் காற்று நிரப்பும்போது நடப்பது. அதனால் இந்தப் பரிசோதனை முதலில் காப்பாற்றுவது கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கும் பையனைத்தான். ஏறக்குறைய 1988 வரை வந்த சில அலுமினிய டேங்குகள் 6351 என்ற கலவையில் செய்யப்பட்டவை. அவற்றின் கழுத்தில், மரைக்குள், வருடக்கணக்கில் மெதுவாக விரிசல் வளரும். ஹைட்ரோ டெஸ்ட்டில் பாஸான டேங்கிலும் அந்த விரிசல் இருக்கலாம். வால்வைக் கழற்றி, விளக்கும் சின்னக் கண்ணாடியும் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்த ரகத்துக்கு, மின்காந்த முறையில் விரிசலைக் கண்டுபிடிக்கும் எடி கரன்ட் கருவியும் வேண்டும். பழைய டேங்க் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், முதலில் டேங்கின் தோள்பகுதியில் குத்தியிருக்கும் எண்களையும் தேதியையும் படியுங்கள்.

இறங்குபவருக்கு என்ன லாபம்? அதற்குத் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். ஒருமுறை கிணற்று வேலைக்காரர் ஒருவர் இரும்பு டேங்க் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆட்டினால் உள்ளே சளக் சளக்கென்று சத்தம். கவிழ்த்தபோது செம்மண் கரைத்த மாதிரி துருத் தண்ணீர் கொட்டியது. அவர் காற்றைக் கடைசி மூச்சு வரை இழுத்துக் காலி செய்திருக்கிறார். அழுத்தம் போய்விட்டால், திறந்திருக்கும் வால்வு வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். கம்ப்ரசரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடாமல் நிரப்பினாலும் இதே கதைதான்.

துரு பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். மூடிய டேங்குக்குள் அது எங்கிருந்து வரும்? நீங்கள் சுவாசிக்க வைத்திருக்கும் காற்றிலிருந்துதான். நம் ஊர் கத்திரி வெயிலில், தகரக் கொட்டகைக்குள் ஈரத்தோடு மாதக்கணக்கில் கிடந்தால் துரு இன்னும் வேகமாக ஏறும். 21 சதவீத ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும், ஆனால் அழுத்தமானியைப் பார்த்தால் டேங்க் ஏறக்குறைய நிறைந்திருப்பதாகவே தோன்றும். இன்னொரு ஆபத்து, மூச்சு முட்டாது. மூச்சு முட்டும் உணர்வு வருவது கரியமில வாயு சேர்வதால். இங்கே அது சேர்வதில்லை. ஆள் எச்சரிக்கையே இல்லாமல் மயங்கிவிடுவார். அலுமினியத்தில் இவ்வளவு மோசம் இல்லை. வெள்ளைப் பொடி படியும், அவ்வளவுதான். அதுவும் வால்வை அடைக்கலாம்.

இந்தப் பரிசோதனையில் பிடிபடாத ஒன்று உண்டு: கார்பன் மோனாக்சைடு. கிணற்று மேட்டில் டீசல் ஜெனரேட்டரை ஓடவிட்டு, அதன் புகை போகும் திசையில் கம்ப்ரசரை வைத்து நிரப்பினால், டேங்க் எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் உள்ளே இருப்பது விஷம். அதற்கு மணமும் கிடையாது. 20 மீட்டர் தண்ணீருக்கு அடியில் அதன் பகுதி அழுத்தம் மேலே இருப்பதைப்போல் மூன்று மடங்கு. சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரம் இதற்கு அனுமதிப்பது பத்து லட்சத்தில் 5 பங்கு மட்டுமே. காற்றைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பரிசோதித்ததற்கான ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

ஸ்டிக்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. வால்வைக் கழற்றாமலே ஒட்டிக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அதற்குப் பரிசோதிக்காமலே இருக்கலாம், காசாவது மிஞ்சும். பக்கத்தில் நின்று பாருங்கள். டேங்கின் அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் உறையைக் கழற்றினாரா என்று கவனியுங்கள். தண்ணீர் தேங்கி அரிப்பது அங்கேதான். திரும்ப மாட்டும்போது மரையும் முக்கியம். முக்கால் அங்குல மரை உள்ள டேங்கில், அதைவிடச் சற்றுச் சிறிய எம்25 என்ற மெட்ரிக் மரை வால்வை வைத்தால் லொடலொடவென்று ஏறி நிற்கும், பொருந்தியதுபோலத் தெரியும். அழுத்தம் ஏறும்போது வால்வு குண்டுபோல் பிய்த்துக்கொண்டு போகும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? தினமும் கிணற்றில் இறங்குபவர் ஆறு மாதத்தில் கொண்டுவரட்டும். வருடத்துக்கு இரண்டு முறை புதுச்சேரி போகும் பையனுக்கு ஒரு வருடம் போதும். நிரப்பும் இடம் சரியில்லை என்று சந்தேகம் வந்தால் உடனே.

அதுவரை டேங்கில் கொஞ்சம் அழுத்தம் விட்டு வையுங்கள். காருக்குள் வெயிலில் போடாதீர்கள். நிறைந்த டேங்கில் ஒரு டிகிரி சூடு ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 0.7 பார் கூடும். பெயின்ட் உரிந்துவிட்டது என்று சிப்காட் பக்கம் பவுடர் கோட்டிங்குக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 177 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான அலுமினிய டேங்க் பலம் இழந்துவிடும். அப்படிப் பளபளவென்று வரும் டேங்கை நான் நிரப்பத் தகுதியில்லை என்று எழுதித்தான் கொடுப்பேன்.