ஆசனம்: இருக்கை, நிலை, கிடக்கை

ஆசனம் வடசொல். அதன் வேர் 'ஆஸ்'. உட்கார் என்று பொருள். உட்காரும் செயலையும் உட்காரும் இடத்தையும் அது குறிக்கும். அதனால்தான் இராமநாதபுரத்துச் சேதுபதிகள் அமர்ந்ததும் சிம்மாசனம், மண்டியிட்டு அமர்ந்து நாக்கை நீட்டிச் சீறி மூச்சுவிடும் யோகப் பயிற்சியும் சிம்மாசனம். முன்னதைத் தமிழ் என்றைக்கோ அரியணை ஆக்கிக்கொண்டது. பின்னதற்குத் தமிழ்ச்சொல் தேடித்தான் இன்னும் தடுமாறுகிறோம்.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கு உள்ளவை மூன்றே சூத்திரங்கள். எந்த ஆசனத்தின் பெயரும் அங்கே வராது. 'ஸ்திர சுகம் ஆசனம்' என்பது முதலாவது: ஆடாமல், அதே நேரம் சுகமாக இருப்பது. முயற்சியின் இறுக்கம் தளர்ந்து மனம் எல்லையற்றதில் தோய வேண்டும் என்கிறது இரண்டாவது. அப்படி அமர்ந்தவரைக் குளிர், வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்குவதில்லை என்கிறது மூன்றாவது. பாம்பன் கரையில் வலையின் கிழிசலைக் கட்டுகிறவர்கள் மணிக்கணக்காகச் சம்மணம் போட்டு இருப்பதைப் பார்த்தால் முதல் சூத்திரத்துக்கு உரையே வேண்டாம். வகுப்பில் சுகாசனம் என்று சொல்லித் தருவதும் இந்தச் சம்மணத்தைத்தான். இதற்கு வேறு சொல் தேடுவது வீண்வேலை.

சித்தர் மரபு பதஞ்சலியின் சமாதியை இராமேசுவரத்தில் வைத்துப் போற்றுகிறது. நந்தியின் அருள் பெற்ற எண்மருள் தம்மோடு பதஞ்சலியையும் சேர்த்துப் பாடியவர் திருமூலர். திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் ஆசனம் 'ஆதனம்' ஆகிறது. மாசம் மாதமானது போலச் சகரம் தகரமாயிற்று. பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி, சொத்திரம், வீரம், சுகாதனம் என்று ஏழை உத்தமமாக எண்ணுகிறார். ஏழும் உட்கார்ந்து செய்பவை! வேர்ப்பொருள் அவரிடம் சிதையவே இல்லை. ஆகவே இவற்றுக்கு 'இருக்கை' என்பதே சரியான தமிழ்: பங்கயம் தாமரை இருக்கை, கேசரி சிங்க இருக்கை.

சிக்கல் பிறகு வந்தது. ஹட யோக நூல்கள் உள்ளங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கும் மயூராசனத்தையும், மல்லாந்து கிடக்கும் சவாசனத்தையும் ஆசனம் என்றே அழைத்தன. சொல் அகன்று, உடம்பின் எந்த அமைதிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. வடமொழியில் அது வழக்காறாக நிலைத்துவிட்டது, குறை சொல்ல முடியாது. ஆனால் நம் நூல்கள் அதைப் பார்த்து, ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனத்தை 'மர இருக்கை' என்றும் சவாசனத்தைப் 'பிண இருக்கை' என்றும் எழுதும்போது மனம் ஒப்பவில்லை. நிற்கிறவரையும் கிடக்கிறவரையும் தமிழில் எப்படி 'இருக்கிறார்', அதாவது உட்கார்ந்திருக்கிறார், என்பது?

விடை இந்தக் கரையிலேயே இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய திருப்புல்லாணிக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும்: ஆதி ஜெகந்நாதர் இருந்த கோலம், தருப்பைப் புல்லில் இராமர் கிடந்த கோலம், பட்டாபிராமர் நின்ற கோலம். ஒரே கோயிலில் மூன்றும். உடம்பின் அமைதியை நின்றது, இருந்தது, கிடந்தது என்று பிரித்துச் சொல்வது தமிழுக்குப் பழகிய வழி. யோகத்துக்கும் அதையே கொள்ளலாம். பத்மாசனம் தாமரை இருக்கை, விருட்சாசனம் மரநிலை, சவாசனம் பிணக்கிடக்கை. 'கிடை' என்று சுருக்கலாம்தான். ஆனால் இராமநாதபுரத்துக்காரர் காதில் அது வயலில் ஆடு அடைக்கும் கிடையாக விழும்.

பொதுப்பெயர் வேண்டும் இடத்தில் ஆசனம் என்றே எழுதுவேன், அல்லது திருமூலரின் ஆதனம். சிரசாசனம் எந்த வகை என்று கேட்பவர்கள் உண்டு. தலை கீழே போனாலும் அது நிற்பதுதான், தலைநிலை.