சாணைக்கல் தூசும் ஷெஃபீல்டின் மரணக் கணக்கும்

விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தின் தொழில் நகரங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "அன்றைக்குச் சராசரி ஆயுளே நாற்பதுதானே? அப்படியிருக்க, ஆலைத் தொழிலாளி நாற்பதுக்குள் இறந்தால் அதற்குத் தொழிலைக் குறை சொல்வது சரியாகுமா?" பலருக்கும் இருக்கக்கூடிய ஐயம்தான். அந்தச் சராசரியைக் கீழே இழுத்தவை குழந்தை மரணங்கள். பால்யத்தின் கண்டங்களைத் தாண்டி இருபதை எட்டிவிட்டவர், சராசரியாக இன்னும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். எனவே தொழில் ஆளைக் கொல்கிறதா என்று அறிய வேண்டுமானால் குழந்தைகளை ஒதுக்கிவிட்டுப் பெரியவர்களின் சாவை மட்டுமே பார்க்க வேண்டும்.

ஷெஃபீல்டு நகர மருத்துவர் ஜார்ஜ் கால்வர்ட் ஹாலண்ட் அதைத்தான் செய்தார். கத்தி, கத்தரி, அரம், ரம்பம் என்று எஃகுச் சாமான்களுக்குப் பேர்போன ஊர் அது. அங்கே சாப்பாட்டு முள்கரண்டிகளைச் சாணை பிடிப்பவர்களின் மரணங்களை அவர் வயதுவாரியாகப் பிரித்து 1843இல் வெளியிட்டார். இருபது வயதைக் கடந்து இறந்த ஒவ்வொரு 1000 பேரிலும் 20 முதல் 29 வயதுக்குள் இறந்தவர்கள் நாடு முழுவதிலும் 160 பேர், ஷெஃபீல்டில் 184 பேர், முள்கரண்டிச் சாணைக்காரர்களிடையே 475 பேர். அடுத்த பத்து வயதுக்கு அதே வரிசையில் 136, 164, 410. அதாவது, நாட்டில் 1000க்கு 296 பேர் நாற்பதைத் தொடாமல் போனார்கள் என்றால், இந்தத் தொழிலில் 885 பேர் போனார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. இது இறந்தவர்களை இறந்தவர்களோடு மட்டுமே ஒப்பிடுகிறது. இளைஞர்கள் மட்டுமே தங்கியிருக்கும் விடுதியில் யார் இறந்தாலும் அவர் இளைஞராகத்தான் இருப்பார். அதனால் விடுதி ஆளைக் கொல்கிறது என்று ஆகிவிடாது. ஒரு தொழிலில் ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதும் தெரிந்தால்தான் கணக்கு முழுமை பெறும். 1837இல் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கிய பிறகு, பதிவுத் தலைமை அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபார், 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைத்த தொழில் விவரங்களை இறப்புப் பதிவுகளோடு சேர்த்துவைத்து அந்த வழியைத் திறந்தார். எழுத்தர்கள் உட்கார்ந்து சீட்டுகளை அடுக்கி எண்ணும் இந்த வேலையை ஆராய்ச்சி என்று மதித்துப் பணம் ஒதுக்க அரசுகள் இன்றும் தயங்குகின்றன. கருவிகள் நிறைந்த ஆய்வுக்கூடத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்கையாவது இதற்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இருந்தாலும், ஹாலண்டின் முடிவு வெறும் வயதுக் கோளாறு அல்ல என்பதற்கு அந்த ஊரிலேயே சான்று இருந்தது. சாணை பிடிப்பதில் இரண்டு முறைகள் உண்டு. ரம்பம், அரம் போன்றவற்றைப் பிடிக்கும்போது சக்கரத்தின் அடியில் தொட்டியில் தண்ணீர் இருக்கும். கல் நனைந்தபடியே சுழலும். முள்கரண்டியையும் ஊசியையும் உலர்ந்த கல்லில் பிடித்தார்கள். அதே ஊர், அதே குடிநீர், அதே நெருக்கமான வீடுகள். வேறுபாடு தண்ணீர் மட்டுமே. ஹாலண்டுக்கு முன்பே அங்கு மருத்துவம் பார்த்த அர்னால்ட் நைட், உலர் சாணைக்காரர்கள் சராசரியாக 35 வயதைத் தொடுவதே அரிது என்றும், ஈரச் சாணைக்காரர்களின் சராசரி 45ஐத் தாண்டுவது அரிது என்றும் கணித்திருந்தார். ஈரச் சாணையும் பாதுகாப்பானதாக இல்லாததற்குக் காரணம் உண்டு: புதுக் கல்லை அச்சில் பூட்டியதும் அதன் விளிம்பு சீராக வட்டமாகும்வரை இரும்புக் கருவியால் அதை உலர்ந்த நிலையிலேயே செதுக்குவார்கள். அப்போது அறை முழுவதும் மஞ்சள் புழுதி மண்டிவிடும்.

அந்தப் புழுதி உள்ளே சென்று என்ன செய்கிறது என்பதுதான் என்னை எப்போதும் வியக்கவைப்பது. சாணைக்கல் மணற்கல்; மணற்கல்லின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் சிலிக்காக் கனிமம். பத்து மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். அதற்குச் சிறியவற்றில் பலவும் மூச்சுக்குழாயின் சளியில் ஒட்ட, அங்குள்ள மயிரிழைகள் அவற்றை மேலே தள்ளிவிடும். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்களோ காற்றுச் சிற்றறைகள்வரை போய்ச் சேர்கின்றன. அங்கே மயிரிழைகள் கிடையாது. காவலுக்கு இருப்பவை மாக்ரோபேஜ் என்னும் விழுங்கு செல்கள். கிருமியோ தூசோ, எது வந்தாலும் அவை அதைச் சுற்றி வளைத்து விழுங்கி, தம் உள்ளே அமிலமும் நொதிகளும் நிறைந்த ஒரு பையில் இட்டுச் செரிக்கப் பார்க்கும். குவார்ட்ஸ் செரிப்பதில்லை. அதன் பரப்பு அந்தப் பையின் சுவரையே சிதைக்கிறது. அப்போதுதான் உடைந்த பரப்பாக இருந்தால் கேடு இன்னும் அதிகம். சாணைக்கல் நொடிதோறும் உருவாக்குவது அத்தகைய புதுப் பரப்புகளைத்தான். பை கிழிந்ததும் நொதிகள் செல்லுக்குள்ளேயே கசிகின்றன. செல் அபாயக் குறிகளை வெளியே அனுப்பிவிட்டு இறக்கிறது. அது விழுங்கிய துகள் சிறிதும் தேயாமல் மறுபடி வெளியே வந்துவிடுகிறது. குறிகளைக் கண்டு வந்த அடுத்த செல் அதே துகளை விழுங்குகிறது. அதற்கும் அதே கதி. தூசு நிறைந்த அறையைவிட்டு வெளியேறிய பிறகும் இந்தச் சுற்று ஆண்டுக்கணக்கில் தொடரும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் தழும்புத் திசு படிந்து முடிச்சுமுடிச்சாக இறுகுகிறது, நுரையீரல் விரியும் திறனை இழக்கிறது. இந்நோய்க்கு சிலிக்கோசிஸ் என்ற பெயர் 1870இல்தான் சூட்டப்பட்டது. ஷெஃபீல்டில் அதைச் சாணைக்காரர் இளைப்பு என்றே சொல்லிவந்தார்கள்.

காசநோய்க் கிருமியைப் பிடித்து அடக்கவேண்டியதும் இதே விழுங்கு செல்தான். காவலர்களே மடிந்துகொண்டிருக்கும் நுரையீரலில் அந்தக் கிருமி எளிதாக நிலைகொள்ளும். அன்றைய இறப்புப் பதிவேட்டில் "க்ஷயம்" என்று எழுதப்பட்ட சாணைக்காரர்கள் பலருக்கும் அந்தக் கதவைத் திறந்துவிட்டது கல்தூசுதான் என்று கருத இடமிருக்கிறது. க்ஷயம் பரம்பரை என்றும் விதி என்றும் சொல்லிக் கைகழுவியவர்களால் எத்தனை உயிர்கள் வீணாயின என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

1820களின் தொடக்கத்தில் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஏப்ரஹாம் என்பவர், பறக்கும் எஃகுத் துகள்களை ஈர்க்கும் காந்தக் கருவி ஒன்றை அமைத்தார். நல்லெண்ணத்தில் பிறந்த அழகான யோசனை அது. ஆனால் காந்தம் எஃகைத்தான் பிடிக்கும். கொல்கிற கல்தூசு அதைக் கடந்து தொழிலாளியின் மூக்குக்கு நேராகச் சென்றிருக்கும். பயன் தரக்கூடியது, சக்கரத்தின் அருகே வாய் வைத்த குழாயும் தூசை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறியும்தான். அதைத் தொழிலாளர்களில் பலரே எதிர்த்தார்கள். ஆயுள் கூடினால் தொழிலில் ஆட்கள் பெருகுவார்கள், ஆட்கள் பெருகினால் கூலி இறங்கும் என்று அவர்கள் அஞ்சினார்கள். இதை அறியாமை என்று ஏசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தம் சாவையே கூலியின் காப்பாகக் கருதும் நிலைக்கு ஒருவரைத் தள்ளிய சந்தையைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

விசிறி வைக்கும்படி ஆணையிடும் அதிகாரம் 1867இன் தொழிற்சாலைச் சட்டங்கள் வழியே ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. நிலைமை மெல்லத் திருந்தியது. இருபதாம் நூற்றாண்டில் மணற்கல்லின் இடத்துக்கு சிலிக்கான் கார்பைடு போன்ற செயற்கைச் சாணைகள் வந்தன. அவையும் தூசைக் கிளப்பின. ஆனால் அந்தத் தூசை விழுங்கிய செல், குவார்ட்ஸை விழுங்கிய செல்லைப் போல அவ்வளவு எளிதில் இறந்துபோகவில்லை.