ஆர்ஓ மெம்பரேன் உப்பை எப்படி நிறுத்துகிறது?

மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்டது. தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் போர் தண்ணி உப்பு என்று வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்ஓ (எதிர் சவ்வூடு பரவல்) பெட்டி அதே வேலையைச் சின்ன அளவில் செய்கிறது. இரண்டிலும் அடிப்படையில் ஒரே வகை மெம்பரேன்தான், அதாவது மெல்லிய பாலிமர் சவ்வு.

அது பொடி ஓட்டை போட்ட வடிகட்டி, உப்பு பெரிசு என்பதால் நிற்கிறது, தண்ணீர் சின்னது என்பதால் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அளந்து பார்த்தால் இது இடிக்கிறது. உப்பு நீரில் கரையும்போது மின்னேற்றம் கொண்ட சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரிகிறது. சோடியம் அயனியின் விட்டம் ஏறக்குறைய 0.2 நானோமீட்டர். தண்ணீர் மூலக்கூறுக்கு 0.28. சின்னது நிற்கிறது, பெரிசு கடந்து போகிறது!

காரணம், தண்ணீருக்குள் அயனி ஒருபோதும் தனியாக இருப்பதில்லை. தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசாக எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் லேசாக நேர்மின். நேர்மின் கொண்ட சோடியத்தை ஐந்தாறு தண்ணீர் மூலக்கூறுகள் ஆக்சிஜன் பக்கத்தைத் திருப்பியபடி நெருக்கமாகச் சூழ்ந்துகொள்கின்றன. இந்த நீர் உறையோடு சேர்த்தால் விட்டம் 0.7 நானோமீட்டர் அளவுக்குப் போய்விடும். மெம்பரேனில் பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. உள்ளே போக வேண்டுமானால் உறையில் ஒரு பகுதியையாவது இழக்க வேண்டும். அந்தப் பிடிப்போ மிக வலுவானது: ஒரு மோல் சோடியம் அயனியை நீரிலிருந்து முழுதாகப் பிரிக்க ஏறக்குறைய 400 கிலோஜூல் தேவை. அறை வெப்பத்தில் மூலக்கூறுகளிடம் சாதாரணமாக இருக்கும் ஆற்றல் மோலுக்கு 2.5 கிலோஜூல் அளவுதான். அதனால் மிகச் சில அயனிகளே தப்பித் தவறி நுழைகின்றன. மின்னேற்றம் இல்லாத தண்ணீருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

மின்னேற்றம் இன்னொரு வகையிலும் உதவுகிறது. மெம்பரேனின் பரப்பில் எதிர்மின் கொண்ட கார்பாக்சில் தொகுதிகள் இருக்கின்றன. அவை குளோரைடை விலக்கித் தள்ளும். சோடியம் மட்டும் தனியே கடந்தால் இரு பக்கமும் மின் சமநிலை கெடும் என்பதால் அதுவும் தங்கிவிடுகிறது. ஆனால் கடல்நீரில் அயனிகள் மொய்ப்பதால் இந்த விலக்கல் மங்கிவிடும். உறையை இழக்க வேண்டிய தடைதான் அங்கே பெரிசு.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி போரான். கடல்நீரில் அது பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாத போரிக் அமிலமாக இருக்கிறது. உப்பை 99 சதவீதத்துக்கு மேல் நிறுத்தும் மெம்பரேனில் போரான் அதைவிட எளிதாக நழுவுகிறது. தண்ணீரின் காரத்தன்மையைக் கூட்டினால் அதே போரான் மின்னேற்றம் பெற்று போரேட் அயனியாகிறது. உடனே நன்றாக நிற்கிறது. பல ஆலைகளில் இரண்டாம் சுற்றில் இப்படித்தான் போரானைக் குறைக்கிறார்கள்.

இவ்வளவையும் செய்யும் அடுக்கு 0.1, 0.2 மைக்ரான் கனம்தான். அதற்குக் கீழே 40, 50 மைக்ரானில் நுண்துளை பாலிசல்ஃபோன், அதற்கும் கீழே 100 மைக்ரானில் பாலியஸ்டர் துணி. இரண்டும் தாங்கிப் பிடிக்கத்தான். படலம் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் வரும். அடர்த்தியான மெல்லிய தோல், அடியில் துளைகள் என்ற அமைப்பை 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் உருவாக்கியவர்கள் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும். அவர்கள் செல்லுலோஸ் அசிட்டேட்டில் செய்தார்கள். இன்றைய பாலிஅமைடு படலம் 1970-களில் ஜான் கடாட் கொண்டுவந்தது. அமீன் என்ற வேதிப்பொருள் கலந்த நீரில் நனைத்த அடித்தளத்தின்மேல், அமிலக் குளோரைடு கலந்த, நீரோடு கலக்காத ஹெக்சேன் திரவத்தை ஊற்றுவார்கள். இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில், பாலில் ஏடு படிவதுபோல், சில நொடியில் படலம் உருவாகும். உருவான படலமே அமீன் மேலே வருவதைத் தடுத்துவிடுவதால் வளர்ச்சியும் தானாக நின்றுவிடுகிறது. என்ன அழகான வேதியியல்!

இதற்குள் தண்ணீர் எப்படி நகர்கிறது என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. படலத்தில் கரைந்து பரவுகிறது என்பது 1960-களிலிருந்து வரும் விளக்கம். நுண்ணிய இடைவெளிகள் வழியே அழுத்தத்தால் ஓடுகிறது என்று 2023-இல் ஓர் ஆய்வு வாதிட்டது.

தண்ணீரைத் தள்ள அழுத்தம் வேண்டும். கடல்நீர் நன்னீரைத் தன் பக்கம் இழுக்கும் சவ்வூடு பரவல் அழுத்தமே 27 பார் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அளவு இருப்பதால், ஆலைகளில் 55 முதல் 70 பார் வரை கொடுக்கிறார்கள். உப்பு கசிவதோ பெரும்பாலும் இரு பக்க உப்பின் வித்தியாசத்தால்தான். அதற்கு மோட்டார் தேவையில்லை. அதனால்தான் இரவு முழுக்க நின்றிருந்த வீட்டு ஆர்ஓவில் காலையில் வரும் முதல் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கூடுதலாகக் காட்டும். தண்ணீர் வரத்து நின்ற பிறகும் உப்பு மெல்ல ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. மோட்டாரின் அழுத்தம் குறைந்தாலும் இதே கதைதான்: உப்பு அதே அளவு கசிய, அதைக் கரைக்கத் தண்ணீர் குறைவாக வரும். ஆகவே டிடிஎஸ் ஏறிவிட்டது, மெம்பரேன் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னால், முதலில் பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் மோட்டாரின் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.